இன்புளுவன்சா தடுப்பூசி: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடிமனுக்கு ஊசியா? எதற்கு?

தடிமனுக்கு ஊசி இல்லை. தடிமனைக் கொண்டுவரும் வைரஸ்கள் நூற்றுக்கு மேல். இந்த ஊசி இன்புளுவன்சா என்ற ஒரே நோய்க்கானது. தடிமன் மூக்கில் தொடங்கி மெல்ல மெல்ல வரும். இன்புளுவன்சா அப்படியல்ல. காலையில் வயலுக்குப் போனவர் மத்தியானம் குளிர்ந்து நடுங்கிக்கொண்டு வீடு வருவார். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல நோவும், வறட்டு இருமல், தலையிடி, தொண்டை நோ எல்லாம் சேர்ந்து வரும். திடகாத்திரமான ஒருவர் ஒரு கிழமையில் எழும்பிவிடுவார், இருமலும் களைப்பும் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கும்.

பிரச்சினை அவரிடம் இல்லை, அவரிடமிருந்து தொற்றும் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. 70 வயது அம்மம்மா, எட்டாம் மாதக் கர்ப்பிணி, இருதய வருத்தக்காரர், முட்டு உள்ள பிள்ளை ஆகியோருக்கு இது நியூமோனியாவாக மாறக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், பருவகால இன்புளுவன்சாவால் வரும் சுவாச நோய்களால் உலகில் ஆண்டுக்கு 290,000 முதல் 650,000 பேர் வரை இறக்கிறார்கள்.

கிளினிக்கில் பிள்ளைக்கு ஏற்கெனவே "இன்புளுவன்சா" ஊசி போட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது. அது போதாதா?

போதாது. அது வேறு ஊசி. இந்தக் குழப்பம் தாய்மாரிடம் மிகப் பரவலாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2, 4, 6 மாதங்களில் குடும்பநல உத்தியோகத்தர் வரச்சொல்லிப் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் (பென்டாவலன்ட்) ஒரு பகுதி, ஹீமோபிலஸ் இன்புளுவன்சா பி என்ற பக்டீரியாவுக்கு எதிரானது. சுருக்கமாக 'ஹிப்' என்பார்கள். அது சிறு பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நியூமோனியாவையும் உண்டாக்கும் பக்டீரியா. 1892இல் ஜெர்மனிய விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைஃபர், இன்புளுவன்சா நோயாளிகளின் சளியில் ஒரு பக்டீரியாவைக் கண்டு, நோய்க்குக் காரணம் இதுதான் என்று நம்பினார். அதனால்தான் அந்தக் கிருமிக் குடும்பத்துக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையான காரணி ஒரு வைரஸ் என்பது மனித இன்புளுவன்சாவில் 1933இல்தான் நிரூபணமானது. பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

பருவகால இன்புளுவன்சா ஊசி நாட்டின் வழக்கமான இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. ஆகவே பதிவேட்டின் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தாலும், நீங்கள் கேட்டுப் போட்டிருந்தாலன்றி, பிள்ளைக்கு இது கிடைத்திருக்காது.

யார் முதலில் போட வேண்டும்?

கையில் காசும் ஊசியும் மட்டாக இருந்தால் இந்த ஒழுங்கில் யோசியுங்கள்: கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், வயது எதுவானாலும் நாட்பட்ட வருத்தம் உள்ளவர்கள். நாட்பட்ட வருத்தம் என்றால் சீனி வருத்தம், இருதய நோய், ஆஸ்துமா, நாட்பட்ட நெஞ்சு வருத்தம், சிறுநீரக நோய் (முக்கியமாக டயலிசிஸ் செய்பவர்கள்), ஈரல் நோய், தலசீமியா, மண்ணீரல் அகற்றியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், ஸ்டீரொய்ட் குளிசை நீண்ட காலமாக எடுப்பவர்கள். அடுத்து 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளைகள். பிறகு வாட்டுகளில் வேலை செய்யும் தாதியர், சிற்றூழியர், முதியோரைப் பராமரிப்பவர்கள்.

பிரஷர் மட்டும் இருந்து, அதுவும் கட்டுப்பாட்டில் இருப்பவர் இந்த வரிசையில் பின்னால் நிற்கலாம். ஆனால் சீனியும் பிரஷரும் சேர்ந்தே இருக்கும் 60 வயதுக்காரர் எங்கள் ஊர்களில் அநேகம். அவர்கள் முன்னுக்கு வர வேண்டும்.

இருதய நோயாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வுகூடத்தில் உறுதியான இன்புளுவன்சா வந்த முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வீதம் மற்ற நாட்களை விட ஆறு மடங்கு வரை கூடியிருந்தது. நெஞ்சு வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் போய் குளிசை எடுப்பவர், இந்த ஊசியையும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நினைப்பது நல்லது.

கர்ப்பிணிக்கு ஊசி பாதுகாப்பானதா? எத்தனையாம் மாதத்தில்?

எந்த மாதத்திலும் போடலாம். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகள். அவை வளரவோ, பிள்ளையைத் தொற்றவோ முடியாது. கர்ப்ப காலத்தில் நுரையீரலும் இருதயமும் ஏற்கெனவே கூடுதல் பாரத்தைச் சுமப்பதால், இன்புளுவன்சா வந்தால் தாய் மோசமாகும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், அந்த வெறுமையான மாதங்களைக் காக்கிறது. ஓர் ஊசியில் இரண்டு உயிர் பாதுகாக்கப்படும் இந்த இடத்தில்தான் பயத்தால் அதிகம் பேர் பின்வாங்குகிறார்கள் என்பது கவலையான விஷயம். மாதாந்தக் கிளினிக்கில் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, மகப்பேற்று வைத்தியரிடமோ நேரடியாகக் கேளுங்கள். பால் கொடுக்கும் தாயும் போடலாம், பாலூட்டலை ஒரு வேளைகூட நிறுத்தத் தேவையில்லை.

மூக்கில் விசிறும் வகை ஒன்று வெளிநாடுகளில் உண்டு. அதில் உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ் இருப்பதால் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

எந்த மாதத்தில் போடுவது நல்லது?

இலங்கையில் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை இன்புளுவன்சா தலைதூக்கும். ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தொடங்கி ஆண்டின் நடுப்பகுதி வரை, மற்றது நவம்பர் முதல் ஜனவரி வரை. இரண்டாவது உச்சம் எங்களுக்கு மாரி. மழையும் வெள்ளமும் வந்து சனங்கள் ஒரே மண்டபத்துக்குள்ளும் மூடிய வகுப்பறைக்குள்ளும் நெருங்கி இருக்கும் காலம்.

போட்ட ஊசி வேலை செய்ய ஏறத்தாழ 2 கிழமை எடுக்கும். அதன்பின் வரும் பாதுகாப்பு மாதங்கள் போகப் போகக் குறையும், வயோதிபரிடம் இன்னும் விரைவாகக் குறையும். ஆகவே உச்சம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே போடுவதுதான் கணக்கு: நடு ஆண்டு உச்சத்துக்கு மார்ச், பிந்தினால் ஏப்ரல், மாரி உச்சத்துக்கு ஒக்டோபர்.

சந்தைக்கு ஊசி வரும் காலமும் இதோடு பின்னிக்கிடக்கிறது. எந்த வைரஸ் வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிக்கிறது. பெப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும், செப்டெம்பரில் தென் அரைக்கோளத்துக்கும். அறிவித்த பின் தயாரித்து முடிக்க ஏறத்தாழ 6 மாதம். அதனால் தென் அரைக்கோள ஊசி மார்ச், ஏப்ரல் அளவிலும், வட அரைக்கோள ஊசி செப்டெம்பர், ஒக்டோபர் அளவிலும் புதிதாகக் கிடைக்கத் தொடங்கும். பெட்டியில் இரண்டு ஆண்டுகள் சேர்த்து அச்சிட்டிருந்தால் (உதாரணமாக 2025/2026) அது வட அரைக்கோளத்துக்கானது, தனி ஓர் ஆண்டு இருந்தால் பெரும்பாலும் தென் அரைக்கோளத்துக்கானது.

எங்களுக்கு எது என்று தலையைப் பிய்க்க வேண்டாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் எங்களுக்கு, போடும் நேரத்தில் மிகப் புதிதாக வந்திருப்பதே நல்லது. மார்ச்சில் கிடைத்ததை "மாரிக்குப் போடுவோம்" என்று தள்ளிப்போட்டு, மே மாதத்தில் நெஞ்சு வருத்தத்தோடு வாட்டில் படுப்பதில் பயனில்லை. ஜூலையில் பழைய கையிருப்பின் கடைசி ஊசியை வாங்குவதை விட, இரண்டு மாதம் பொறுத்துப் புதியதைப் போடுவது மேல். ஆனால் ஊரில் காய்ச்சல் ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்தால், திகதி முடியாத ஊசி எது கிடைத்தாலும் போடுங்கள்.

ஏன் ஆண்டுதோறும்? ஒரு முறை போட்டால் போதும் என்ற ஊசிகள் இருக்கின்றனவே?

இரண்டு காரணம். பாதுகாப்பு தேய்கிறது, வைரஸும் சட்டை மாற்றுகிறது. அம்மை வைரஸ் பல பத்தாண்டுகளாக ஒரே முகத்தோடு வருவதால் அந்த ஊசி நிலைக்கிறது. இன்புளுவன்சா வைரஸின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கும்.

ஊசிக்குள் மூன்று வகைகள் இருக்கும்: ஏ வகையில் எச்1என்1, எச்3என்2, பி வகையில் விக்டோரியா. முன்பு பி வகையின் யமகாட்டாவும் சேர்த்து நான்கு இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பின் யமகாட்டா உறுதியாகக் கண்டறியப்படாததால் அதை நீக்கலாம் என்று 2023 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. ஆகவே "முன்பு நாலு, இப்ப மூன்று, தரம் குறைந்துவிட்டது" என்று நினைக்க வேண்டாம்.

ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது. அப்படியானால் பயனில்லையா?

இது நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் கூட.

வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், வைத்தியரிடம் போகுமளவு இன்புளுவன்சா வருவதை இந்த ஊசி 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. பொருந்தாத ஆண்டில், குறிப்பாக எச்3என்2 ஓங்கும் ஆண்டில், அதைவிடக் குறையும். ஆகவே ஊசி போட்டவருக்கும் இன்புளுவன்சா வரலாம். ஆனால் அப்படி வந்தாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போவதும் சாவதும் குறைகிறது. முதியவருக்கும் நோயாளிக்கும் ஊசி போடச் சொல்வது முதன்மையாக இதற்காகத்தான்.

மற்றபடி ஊசி "வேலை செய்யாத" கதைகள் பலவற்றுக்கு வேறு காரணம் இருக்கும். வந்தது வேறு வைரஸாக இருக்கலாம், டெங்குவாகக்கூட இருக்கலாம். அல்லது ஊசி போட்டு 2 கிழமை ஆகுமுன் தொற்றியிருக்கலாம். கிளினிக் வரிசையில் இருமிக்கொண்டிருந்த பக்கத்து ஆளிடமிருந்தே தொற்றியிருக்கலாம். அல்லது அந்த ஊசி வழியில் எங்கேயோ பழுதாகியிருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் எங்கள் வெயில் ஊரில் உண்மையான ஆபத்து.

ஊசியைப் பாமசியில் வாங்கி கிளினிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். எப்படிக் கொண்டுபோவது?

முடிந்தால் கொண்டுபோகாதீர்கள். ஊசி வைத்திருக்கும் இடத்திலேயே போடச் சொல்லிக் கேளுங்கள். அதுதான் முதல் ஆலோசனை. முடியாவிட்டால் கீழ்வருவதைக் கவனமாகச் செய்யுங்கள்.

இந்த ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். சூடும் கெடுக்கும், உறைதலும் கெடுக்கும். சனங்கள் சூட்டுக்கு மட்டும் பயந்து, ஐஸ் கட்டிக்கு நடுவில் ஊசியைப் புதைத்துக்கொண்டு வருவார்கள். உறைந்த ஊசியைக் குப்பையில்தான் போட வேண்டும். உறைந்து இளகிய பின் அது பார்வைக்கு அப்படியே இருக்கும் என்பதுதான் மோசம். அலுமினிய உப்புச் சேர்ந்த சில தடுப்பூசிகள் உறைந்தனவா என்று குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை ஒன்று உண்டு. பெரும்பாலான இன்புளுவன்சா ஊசிகளில் அலுமினிய உப்பு இல்லாததால் அந்தச் சோதனை இங்கே உதவாது. கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

செய்முறை இதுதான். ஒரு சிறிய ரெஜிபோம் பெட்டி, அல்லது இன்சுலின் கொண்டுபோகும் பை எடுங்கள். குளிர்ப்பையை (ஐஸ் பக்) பிரீசரிலிருந்து எடுத்தவுடன் வைக்காதீர்கள். வெளியே வைத்து, மேற்பரப்பு வேர்த்து, குலுக்கும்போது உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை பொறுங்கள். அந்த நிலையில்தான் அது பூச்சியத்துக்குக் கீழே இழுக்காது. பிறகு அதைத் துணியில் சுற்றி, ஊசிப் பெட்டிக்கும் அதற்கும் நடுவில் மட்டைத் துண்டு ஒன்றை வையுங்கள். ஊசியை அதன் சொந்தப் பெட்டியிலேயே வையுங்கள், வெளிச்சமும் அதைக் கெடுக்கும். பெட்டியை மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலோ, வெயிலில் நிறுத்திய வானுக்குள்ளோ விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். பாமசியிலிருந்து நேரே கிளினிக், வேறெங்கும் இல்லை. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பும் பழக்கம் இன்சுலினுக்கும் ஆபத்து, இதற்கும் ஆபத்து.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். காலாவதித் திகதி. பெட்டியில் உள்ள பருவ ஆண்டு. ஊசி எடுக்கப்பட்ட பிரிட்ஜ். கடைக்காரர் அதை யோகட்டுக்கும் சோடாவுக்கும் நடுவிலிருந்து, அல்லது கதவுத் தட்டிலிருந்து எடுத்தால் வாங்காதீர்கள். வெப்பமானி உள்ள, மருந்துக்கு மட்டும் பாவிக்கும் பிரிட்ஜ் இருக்கும் பாமசியைத் தேடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, நல்ல மருந்தாளர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

ஓர் இரவு வீட்டுப் பிரிட்ஜில் வைக்கலாமா?

வேறு வழியே இல்லாவிட்டால். நடுத் தட்டில், பின்சுவரில் முட்டாமல், பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். ஒரு கதவுப் பழைய பிரிட்ஜ்களில் பிரீசர் தகடு மேலே இருக்கும். அதற்கு நேர் கீழ்த் தட்டில் வைத்தால் உறைந்துவிடும். காலித் தட்டுகளில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி வைத்தால், கரண்ட் போனாலும் குளிர் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரம் கதவைத் திறக்காதீர்கள். நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் போயிருந்தால் நீங்களாக முடிவெடுக்காமல் எவ்வளவு நேரம் என்பதைப் போடும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு, எங்கே போடுவார்கள்?

பெரியவருக்கு 0.5 மில்லிலீற்றர், மேற்கைத் தசையில், ஒரே ஊசி. வழமையான ஊசியில் ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராம் வைரஸ் புரதம் இருக்கும். முதியவருக்கென 60 மைக்ரோகிராம் உள்ள வகையும் உலகில் உண்டு, கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

6 மாதம் முதல் 8 வயது வரையான பிள்ளை, வாழ்க்கையில் முதன்முதலாக இந்த ஊசி போடுகிறதென்றால் இரண்டு ஊசி தேவை, குறைந்தது 4 கிழமை இடைவெளியில். முதலாவது ஊசி உடலுக்கு அறிமுகம், இரண்டாவதுதான் பாதுகாப்பைக் கட்டுகிறது. ஒன்றோடு நிறுத்தினால் காசும் பிள்ளையின் அழுகையும் வீண் போல. அடுத்த ஆண்டிலிருந்து ஒன்று போதும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 0.25ஆ 0.5ஆ என்பது தயாரிப்பைப் பொறுத்தது, பெட்டியிலுள்ள தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொடையில் போடுவார்கள். ஒரு பெரியவர் ஊசியை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் போடச் சொல்லிக் கேட்க வேண்டாம். அளவும் தவறும், ஒருவரின் இரத்தத் தொற்று மற்றவருக்குப் போகும்.

போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: போடுமுன் குலுக்குங்கள், குளிர் கொஞ்சம் தணிய விடுங்கள். தோள் எலும்பு நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே குத்துங்கள். சட்டைக் கையை முழுக்க உயர்த்தாமல், கழுத்துப் பக்கமாக இழுத்துவிட்டு மேலே குத்தினால் மருந்து மூட்டுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் கை தூக்க முடியாத நோவு வரும். பிழை ஊசியில் அல்ல, குத்திய இடத்தில்.

வோபரின் போன்ற இரத்தம் உறையாமைக் குளிசை எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெல்லிய ஊசியால் குத்தி, இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும், குளிசையை நிறுத்தத் தேவையில்லை.

யாருக்குப் போடக்கூடாது?

முன்பு இதே ஊசிக்கோ அதன் சேர்மானம் ஒன்றுக்கோ கடுமையான ஒவ்வாமை (மூச்சடைப்பு, முகம் வீங்குதல், மயக்கம்) வந்தவருக்கு. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு. முந்திய இன்புளுவன்சா ஊசிக்குப் பின் 6 கிழமைக்குள் கில்லன்-பாரே என்ற நரம்புத் தளர்ச்சி வந்தவர் வைத்தியரோடு பேசாமல் போடக்கூடாது. இந்த நோய் ஊசியால் வருவது மிக அரிது, பத்து லட்சம் ஊசிகளுக்கு ஒன்று இரண்டு என்ற கணக்கு.

கடும் காய்ச்சல் இருக்கும்போது தள்ளிப்போடுங்கள். மூக்கு வடிதல், சிறு இருமலுக்காகத் தள்ளிப்போடத் தேவையில்லை. அப்படித் தள்ளினால் மாரியில் யாருக்குமே ஊசி போட முடியாது.

முட்டை ஒவ்வாமை? பெரும்பாலான ஊசிகள் கோழி முட்டையில் வளர்த்த வைரஸிலிருந்து வருகின்றன, மிகச் சிறிதளவு முட்டைப் புரதம் எஞ்சலாம். முன்பு இதைப் பெரிய தடையாகப் பார்த்தார்கள். இப்போது முட்டை ஒவ்வாமை மட்டும் உள்ளவருக்கும் போடலாம் என்பதே நிலைப்பாடு. எப்படியானாலும் எல்லோரும் போட்டபின் 15 நிமிடம் அங்கேயே இருங்கள், கடும் ஒவ்வாமை வந்தால் உடனே கொடுக்கும் மருந்தான அட்ரினலின் கைக்கெட்டும் இடத்திலேயே போடுங்கள். வீட்டுக்கு யாரையாவது கூப்பிட்டுப் போடுவது நல்லதல்ல என்பது இதனால்தான்.

ஊசியில் பன்றி சம்பந்தப்பட்டது இருக்கிறதா? "பன்றிக் காய்ச்சல்" ஊசி என்கிறார்களே?

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் இந்தக் கேள்வி நிறைய வரும், கேட்பதில் தவறில்லை. 2009இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 வைரஸின் மூலம் பன்றியில் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. இன்று அது மனிதருக்குள் சுற்றும் சாதாரணப் பருவகால வைரஸ். ஊசிக்கான வைரஸ் கோழி முட்டையில் வளர்க்கப்படுகிறது. பன்றி ஜெலட்டின் இருப்பது மூக்கில் விசிறும் வகையில். கையில் குத்தும் ஊசிகள் பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் இல்லை. உறுதிப்படுத்த, பெட்டிக்குள் உள்ள தாளின் சேர்மானப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கவனிக்க: மெனிஞ்சைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) ஊசி கட்டாயம், புறப்படக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். இன்புளுவன்சா ஊசியை வேறு கையில் அதே நாளில் போடலாம். அதற்கு 2 கிழமை தேவை என்பதால், இரண்டையும் சேர்த்து 3 கிழமை முன்பே முடிப்பது நிம்மதி.

கதிர்காமப் பாதயாத்திரைக்கும் இதே கணக்குத்தான். பொத்துவில், உகந்தை, குமண வழியாகக் கூட்டமாக நடந்து, ஒன்றாகச் சமைத்து, ஒரே கொட்டிலில் படுக்கும் பயணம் அது, காலமும் நடு ஆண்டு உச்சத்தின் வாலில் விழும். வயதான அடியார்கள் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ளட்டும். காட்டுக்குள் இறங்கிய பின் மூச்சுத் திணறினால் வைத்தியசாலை பக்கத்தில் இல்லை.

பின்விளைவுகள்?

போட்ட இடத்தில் நோ, சிவப்பு, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் உடம்பு நோவும் இலேசான காய்ச்சலும். பனடோல் போதும். காய்ச்சல் 2 நாளைத் தாண்டினால் அதை ஊசியின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், அது வேறு காய்ச்சல்.

எங்கள் ஊரில் டெங்கும் எலிக்காய்ச்சலும் இருக்கின்றன. எது எதுவென்று எப்படித் தெரியும்?

முதல் நாளில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாரியில் மூன்றும் ஒரே நேரத்தில் நடமாடும். சாய்வுகள் மட்டும் உண்டு. இருமலும் தொண்டை நோவும் முன்னுக்கு நின்று, வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு அடுத்தடுத்து வந்தால் இன்புளுவன்சா பக்கம். கண்ணுக்குப் பின்னால் நோ, ஓங்காளம், இருமல் இல்லாமை என்றால் டெங்கு பக்கம். பெரும்போகத்தில் சேற்றில் இறங்கியவருக்குக் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் சிறுநீர் குறைவும் வந்தால் எலிக்காய்ச்சலைச் சொல்லி வைத்தியரிடம் ஓட வேண்டும்.

இன்புளுவன்சா ஊசி போட்டதால் மற்ற இரண்டுக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. "நான் ஊசி போட்டனான், இது சும்மா காய்ச்சல்" என்று டெங்குவோடு வீட்டில் இருப்பது மிக ஆபத்து. எந்தக் காய்ச்சலானாலும் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரசிட்டமோல் (பனடோல்) தவிர வேறு நோவு மருந்து வேண்டாம். புருபன், டைக்குளோபெனக் ஆகியன டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். அஸ்பிரின் இன்புளுவன்சா உள்ள பிள்ளைக்கு ஈரலையும் மூளையையும் தாக்கும் 'ரெய்' நோயைக் கொண்டுவரலாம். பரசிட்டமோலின் அளவு, பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு 8க்கு மேல் இல்லை. பிள்ளைக்கு நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், அதே இடைவெளியில்.

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போதாதா?

அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதம், நீரும் உள்ளே போகும். வைரஸைத் தடுக்காது. சிறு பிள்ளைகளுக்குக் கொதிநீர்ப் பானையில் ஆவி பிடிக்க வேண்டாம், பானை கவிழ்ந்து நெஞ்சும் தொடையும் வெந்துபோகும்.

நோய் வந்தபின் ஊசி போட்டால் குணமாகுமா?

ஆகாது. வந்தபின் உதவுவது ஒசெல்டமிவிர் என்ற மருந்து. தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் நல்ல பலன், வைத்தியரின் துண்டு வேண்டும், சிறுநீரக நோயாளிக்கு அளவு மாறும். ஆகவே கர்ப்பிணியும் முதியவரும் நாட்பட்ட நோயாளியும் "நாலு நாள் பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது. மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, உதடு நீலித்தல், சித்தம் தடுமாறுதல், பிள்ளை பால் குடிக்காமை, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுதல் கண்டால் நேரத்தைக் கடத்தாமல் கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கு, அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டில் இருப்பவர், அறிகுறி தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து 5 முதல் 7 நாள் வரை மற்றவருக்குத் தொற்ற வைப்பார். அந்த நாட்களில் பாடசாலையும் வேண்டாம், செத்தவீடும் வேண்டாம்.

கோழி வளர்க்கிறோம். பறவைக் காய்ச்சலுக்கு இது உதவுமா?

நேரடியாக உதவாது, அது வேறு வைரஸ். ஆனாலும் ஒருவருக்குள் இரண்டு வைரஸும் ஒன்றாகச் சந்தித்துக் கலப்பதைக் குறைக்கும் என்பதால் கோழிப் பண்ணையில் வேலை செய்பவர் போடுவது நல்லது. கோழிகள் கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை வைத்தியர் பணிமனைக்கு அறிவியுங்கள்.

போட்டபின் எதைக் குறித்து வைக்க வேண்டும்?

திகதி, ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், எந்தக் கை. பெரியவர் என்றால் கிளினிக் கொப்பியிலும், பிள்ளை என்றால் வளர்ச்சிப் பதிவேட்டிலும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியிலுள்ள ஒட்டியைக் கிழித்து ஒட்டினால் எல்லாம் அதிலேயே இருக்கும். பிள்ளைக்கு இரண்டாவது ஊசி இருந்தால் அந்தத் திகதியையும் அன்றே எழுதுங்கள். அந்த நேரத்தில் ஊசி கையிருப்பில் இருக்குமா என்று பாமசியில் கேட்டு, தேவையானால் முன்பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.